மோட் பாட்டுப் போட்டியும் கேலிக் குடும்பங்களும்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டிலும், அதற்கு மேற்கே கடலிற் சிதறிக் கிடக்கும் தீவுகளிலும் தொன்றுதொட்டு வழங்கிவரும் மொழி கேலிக் என்பதாகும். அம்மக்கள் அதனைக் 'காலிக்' என்றே ஒலிப்பர். ஆங்கிலத்தோடு இதற்கு நெருங்கிய உறவில்லை. அயர்லாந்து நாட்டு மொழியே இதன் உடன்பிறப்பு. இம்மொழிக்கென ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் ஒரு பெருவிழா நடைபெறுகின்றது. 'மோட்' என்பது அதன் பெயர். அவை என்னும் பொருளுடைய இச்சொல், முற்காலத்தில் அத்தீவுகளை ஆண்ட நார்வே நாட்டாரின் மொழியிலிருந்து வந்ததாகும். விழாவில் கதை சொல்லலும் கவிதை ஒப்புவித்தலும் உண்டு. ஆயினும் பாட்டுப் போட்டிகளே அதன் உயிர்நாடி.

இவ்விழா தோன்றிய காரணத்தை நாம் முதலில் அறிதல் வேண்டும். 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், குழந்தைகள் யாவரையும் பள்ளிக்கு வருமாறு பணித்ததேயன்றி, கேலிக் மொழிக்கு அப்பள்ளிகளில் இடமெதனையும் வகுக்கவில்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்றாயிற்று. 1891இல் ஓபன் என்னும் துறைமுக நகரில் கேலிக் சங்கம் ஒன்று நிறுவப்பெற்றது. வேல்ஸ் நாட்டாரின் கலைவிழாவை முன்மாதிரியாகக் கொண்டு, மறு ஆண்டிலேயே அந்நகரில் முதல் மோட் விழாவை அச்சங்கம் நடத்திற்று. 1891இன் குடிக்கணக்கில் கேலிக் பேசுவோர் 2,54,415 பேர். 2011இல் 57,375 பேர். 2022இல் 69,701 பேர். இறுதி எண் ஆறுதல் தருவதே. எனினும் மொழியின் பழைய கோட்டையான வெளித்தீவுகளிலேயே, பேசுவோர் மக்கள்தொகையிற் பாதிக்கும் குறைந்துவிட்டனர்.

ஒரு குடும்பம் இப்போட்டியிற் கலந்துகொள்வது எங்ஙனம்? பெரும்பாலான பிரிவுகளுக்குப் பாட வேண்டிய பாட்டு முன்னரே குறிக்கப்பெறும். சிறுவர் சிறுமியருக்கு வாரத் தொடக்கத்திலும், பெரியோருக்கு அதன்பின்னும் போட்டிகள் அமையும். தாய் தனிப்பாட்டிலும், தந்தை குழுப்பாட்டிலும், குழந்தைகள் பள்ளிக் குழுவிலும் சேர்ந்துவிட்டால், பல திங்கள் அவ்வீட்டின் அடுக்களையிலும் காரிலும் ஓயாது ஒலிப்பவை அப்பாட்டுக்களே. பாடுவோருக்குப் பக்கவாத்தியம் கிடையாது. தனிக்குரலாயினும் குழுவாயினும் வெறுங்குரலே துணை. குழுப்பாட்டுக்களின் சுரங்களை நம் ஸரிகமபதநி போல் எழுத்துக்களாற் குறிக்கும் முறை அங்கு நெடுங்காலமாக வழங்கிவருவது நமக்கு வியப்பூட்டும் செய்தி. பாட்டுக்களோ பலவகைப்பட்டன. நெய்த கம்பளித் துணியைப் பெண்கள் மேசையைச் சுற்றியமர்ந்து அடித்துப் பதப்படுத்தும்போது தாளத்தோடு பாடியவை உண்டு. வாத்தியம் இல்லாத இடத்தில் ஆடுவோருக்காக வாயினாலேயே இசைத்த துள்ளற் பாட்டுக்களும் உண்டு.

இப்போட்டியின் தனிச்சிறப்பு மதிப்பெண் வழங்கும் முறையில் இருக்கின்றது. நடுவர் இருவகையினர். ஒருவர் இசையை மட்டும் நோக்குவர். மற்றவர் மொழியை மட்டும் நோக்குவர். இருவர் எண்களும் கூட்டப்பெறும். குயிலினும் இனிய குரலுடையார் ஒருவர், உச்சரிப்புப் பிசகினால் பின்தங்கிப் போவதுண்டு. கேலிக்கில் லகர ஒலியே இரண்டு மூன்று வகைப்படும். அருகில் நிற்கும் உயிரெழுத்தை ஒட்டி மெய்யெழுத்தின் ஒலி மாறும். பம்பாயிலும் டில்லியிலும் வளரும் தம் குழந்தைகளுக்கு லகர, ளகர, ழகரங்களைப் பழக்கும் நேயர்கள், இதன் அருமையை நாம் சொல்லாமலே உணர்வர். நூலைப் பார்த்து இவ்வொலிகளைக் கற்றல் அரிது. ஆதலின் மொழியறிந்த பாட்டியோ, அண்டைவீட்டு முதியவரோ அருகில் அமர்ந்து அடிதோறும் திருத்த வேண்டியிருக்கின்றது. கேட்பாரற்று மூலையில் இருந்த பாட்டி, போட்டி நெருங்கியதும் வீட்டின் ஆசிரியை ஆகிவிடுகிறார்!

சில வீடுகளில் இம்முறை தலைகீழாகவும் நிகழ்கின்றது. 1985 முதல் கிளாஸ்கோவிலும் இன்வர்னஸ் நகரிலும், பின்னர் வேறு ஊர்களிலும், கேலிக் வழியாகவே கற்பிக்கும் வகுப்புகள் தோன்றின. அவற்றிற் பயிலும் குழந்தைக்கு மொழி சரளமாக வருகின்றது. ஆங்கிலம் மட்டும் அறிந்த பெற்றோருக்கோ வருவதில்லை. மோட் விழாவில் சரளமாகப் பேசுவோருக்கும் கற்போருக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டாதலின், மகள் முன்னதிலும் தந்தை பின்னதிலும் பெயர் கொடுத்தல் கூடும். தந்தையின் நாவை மகள் திருத்துவாள்.

பாட்டைக் கிளிப்பிள்ளை போல் மனப்பாடம் செய்து ஒப்பிப்பதால் மொழி வாழுமா என்று வினவுவோர் உளர். நியாயமான வினாவே. மேடையில் பிழையின்றிப் பாடிவிட்டு, இறங்கியதும் ஆங்கிலத்தில் உரையாடுவோர் அங்குப் பலர். பதக்கம் பெற்ற பாடகர் எல்லாரும் பேச்சாளர் ஆகிவிடுவதில்லை. ஆயினும், வாயில் ஒலி படிந்தவனுக்குச் சொல்லும் பொருளும் பிற்பாடு எளிதில் வரும் என்பதே நம் கருத்து. பாட்டினால் ஈர்க்கப்பெற்று, பின்னர் வகுப்பிற் சேர்ந்து மொழியைக் கற்றோரும் உண்டன்றோ?

கேலிக் பாடகர் குழுக்கள் தீவுகளில் மட்டுமே உள்ளன என்று எண்ணலாகாது. பிழைப்பை நாடி நகரங்களுக்குச் சென்ற மலைநாட்டார் கிளாஸ்கோ, எடின்பரோ நகரங்களிலும், எல்லை கடந்து லண்டனிலும் குழுக்கள் அமைத்தனர். பகலெல்லாம் அலுவலகத்தில் ஆங்கிலம் பேசிவிட்டு, மாலையில் கூடிப் பயின்று, அக்டோபரில் குடும்பத்தோடு வடக்கே பயணமாவர். விழா ஆண்டுக்கு ஓர் ஊராக மாறி நடைபெறும். போட்டிகள் முடிந்தபின், வந்திருந்த குழுக்கள் யாவும் ஒன்றுகூடித் தெருவிற் பாடிச் செல்வது வழக்கம். அங்கே நடுவர் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பதக்கம் பெற்றாரும் பெறாதாரும், தோளிற் குழந்தையைச் சுமந்தவரும் ஒருங்கே பாடிக்கொண்டு நடப்பர்.