சொல்லும் அச்சமும்: ஓட்டிசப் பிள்ளைகளும் உரையாடற் சிகிச்சையும்

உளச்சிகிச்சை முறைகள் யாவும் மனிதன் பற்றிய ஏதேனும் ஓர் எடுகோளின் மீதே எழுப்பப்படுவன. 1960களில் அமெரிக்க உளமருத்துவர் ஆரன் பெக் வகுத்த அறிகைச் சிகிச்சையும், அதன் வழிவந்த அறிகை நடத்தைச் சிகிச்சையும் இதற்கு விலக்கல்ல. சிகிச்சை பெறுபவர் தம் உணர்ச்சியை இனங்கண்டு பெயரிடுவார். அதன் பின்னுள்ள எண்ணத்தைச் சொல்லில் வெளிப்படுத்துவார். அதனைச் சான்றுகொண்டு சோதிப்பார் என்பதே அவ்வெடுகோள்.

ஓட்டிசமுடைய பிள்ளைகள் பலரிடத்து இவ்வெடுகோள் இடறுகின்றது. 2011இல் வெளியான தொகுப்பாய்வொன்று, இவர்களுள் ஏறத்தாழ 40 வீதத்தினருக்கு ஏதேனுமொரு பதகளிப்புக் கோளாறு உண்டெனக் காட்டிற்று. ஆயின், நெஞ்சு படபடக்கும் பிள்ளை அதனை 'அச்சம்' எனப் பெயரிட இயலாதிருக்கலாம். 'எப்படி உணர்கிறாய்?' என்னும் வினாவுக்குக் கிடைக்கும் மௌனத்தை ஒத்துழையாமை எனக் கொள்வது தவறு. சொல்வழிப்பட்ட அகச்சிந்தனை சமூக உறவாட்டத்திலிருந்தே உருவாகின்றது என வைகோட்ஸ்கி 1934இல் வெளிவந்த நூலில் வாதிட்டார். உறவாட்டத்தின் வழி வேறுபடுமிடத்து, சொல்லும் உணர்ச்சியும் இணையும் வழியும் வேறுபடும் எனக் கருத இடமுண்டு.

எனவே, மாறவேண்டியது பிள்ளையன்று, முறையே. அச்சத்தின் அளவு வெப்பமானிப் படமொன்றில் இலக்கமாகக் குறிக்கப்படுகின்றது. அருவமான வினாக்களுக்குப் பதிலாகத் தெரிவுகள் எழுதிக் காட்டப்படுகின்றன. புகையிரதத்தில் ஈடுபாடுடைய பிள்ளைக்குப் புகையிரதமே உவமையாகின்றது. அஞ்சும் நிலைமைகளைச் சிறு சிறு படிகளாக எதிர்கொள்ளும் பயிற்சி முதன்மை பெறுகின்றது. பெற்றோரும் அதிற் பங்காளராகின்றனர். லொஸ் ஏஞ்சல்ஸ், டம்பா, பிலடெல்பியா ஆகிய நகரங்களில் 167 பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வில், இவ்வாறு இசைவாக்கப்பட்ட முறை வழமையான முறையிலும் கூடிய பயன் தந்தது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பதகளிப்பு யாவும் பிழையான எண்ணத்தின் விளைவல்ல. வகுப்பறை இரைச்சல் செவியை வதைப்பதும், சக மாணவர் பரிகசிப்பதும் புறநிலை உண்மைகள். அவற்றை விடுத்துப் பிள்ளையின் சிந்தனையை மாத்திரம் திருத்த முனைவது, சமூகத்தின் குறையைத் தனிமனிதர் மேற் சுமத்துவதாகும். தாயரின் அன்பின்மையே ஓட்டிசத்துக்குக் காரணமென்ற கருத்தை புறூனோ பெத்தெல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் பரப்பியபோது நிகழ்ந்ததும் இதுவே.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. இம்முறைக்குப் பயிற்சிபெற்ற சிகிச்சையாளரும், வாரந்தோறும் நேரம் ஒதுக்கவல்ல பெற்றோரும் வேண்டும். நாட்கூலிக்குச் செல்லும் தாய்க்கு அது எட்டாதவரை, இவ்வறிவின் பயன் ஒரு சாராரின் உடைமையாகவே எஞ்சும்.