ருசி மறந்த ஈ

(பத்தாம் வகுப்பு மாணவி)

பூவன் பழம் கனிந்துவிட்டால் பெரும்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பழ ஈக்களுக்குக் கொண்டாட்டம்தான். அம்மா முறத்தால் விசிறி விரட்டுவார்கள். இந்த அற்ப ஈயை விஞ்ஞானிகள் ஊட்டி வளர்க்கிறார்கள் என்று சிஸ்டர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. காரணம் உண்டு, தோழியரே! முட்டை பத்தே நாளில் ஈயாகிவிடும். குரோமோசோம்களோ நான்கே ஜோடி.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர் ஒபைத் சித்திக்கியிடம் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தவர் வெரோனிகா ரோட்ரிக்ஸ். 1953-ல் கென்யாவில் பிறந்தவர், 2010-ல் மறைந்தார். ஈக்கு ருசி எப்படித் தெரிகிறது என்று ஆராய்ந்தார். உணவில் சாயம் கலந்து வைத்தால் போதும், எது தின்றது என்பதை ஈயின் வயிறே காட்டிக்கொடுத்துவிடும். (ஈ காலாலும் ருசி பார்க்குமாம்!)

இப்படிச் சோதித்ததில் ருசி கெட்ட ஈ வகை ஒன்று அகப்பட்டது. அதற்கு 'மல்வோலியோ' என்று பெயர். ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் ருசி கெட்டவன் என்று ஏச்சு வாங்கும் பாத்திரம் அவன். அந்த ஈயில் பழுதான மரபணு எது என்பதை 1995-ல் ரோட்ரிக்ஸும் சகாக்களும் வெளியிட்டார்கள். அது செய்யும் புரதம் உலோகங்களைச் செல்லுக்குள் கடத்தும் வகையைச் சேர்ந்தது. 1998-ல் வேறு ஆய்வாளர்கள் அந்த ஈக்களை மாங்கனீசு அல்லது இரும்பு உப்பு கலந்த உணவில் வளர்த்தார்கள். ருசி திரும்பிவிட்டது! மரபணுவின் குறையை உணவு ஈடு செய்ததே, அதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ருசிக்கு மட்டுமா உலோகம்? ஈயின் புழு கூட்டுப்புழுவாவதற்கு ஒரு ஹார்மோன் வேண்டும். அதைத் தயாரிக்கும் நொதிகளுக்கு இரும்பு தேவை. நம் குடலில் இரும்பை உறிஞ்சுவதும் மல்வோலியோ குடும்பத்துப் புரதமே.

என் தங்கை சென்ற ஆண்டு சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றாள். பாட்டி அடித்தார்கள், நானும் கேலி செய்தேன். டாக்டர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், ரத்தம் சோதிக்கச் சொன்னார். இரும்புச் சத்து மிகக் குறைவு. அந்தக் குறையால் இப்படி மண்ணும் சுண்ணாம்பும் தின்னும் ஆசை வருவதுண்டாம். ஈயின் பழுது மரபணுவில், இவளுடையது உணவில், இரண்டும் ஒன்றல்ல. இரும்பு மிகுந்தாலும் உடலுக்குக் கேடு என்பதால் டாக்டர் மாத்திரைகளை எண்ணித்தான் கொடுத்தார். அவை தீருமுன்பே எங்கள் வீட்டுச் சுவர் தப்பித்தது. பாட்டி இப்போது அவளுக்கு முருங்கைக் கீரை ஆய்ந்து கொடுக்கிறார்கள்.