2 நிமிடம், 3 வினாடி

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் விடிகாலையில் ஓட வருகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்துப் பக்கம் கைகாலை நீட்டி மடக்கிவிட்டு ஆண், பெண், திருநங்கை யாரும் ஓடலாம். வாட்ச்சில் காட்டுகிற நேரம் அவரவர் கணக்கு. அந்த நேரத்துக்குப் பதக்கம் என்று ஒன்று வந்ததும்தான் பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்ற கேள்வி முளைக்கிறது.

தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு விலை கொடுத்தவர் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். சில நாளிலேயே பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் மருத்துவ விவரம் ஊர் ஊராகத் தொலைக்காட்சியில் ஓடியது. அப்போதைய முதல்வர் கருணாநிதி பின்வாங்காமல் 15 லட்சம் ரூபாயும், கூடவே ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் பரிசளித்தார். நல்லெண்ணம்தான், ஆனாலும் அந்தப் பெட்டியை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

சாந்தி திருநங்கை அல்ல. பத்திரிகைகளே அன்று குழம்பின. பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்து, குரோமோசோமோ ஹார்மோனோ மட்டும் வழக்கத்துக்கு மாறாக அமைந்தவர்கள் உண்டு. ஆணாகப் பருவமடைந்த பின் பெண்ணாக மாறிய திருநங்கையர் கதை வேறு.

திருநங்கையர் விஷயத்தில் எழும் ஆட்சேபத்தை வெறுப்பு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. ஆண் பருவத்தில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் எலும்பை நீட்டுகிறது, தசையைக் கூட்டுகிறது. உச்ச நிலை ஓட்டப் பந்தயங்களில் ஆண் பெண் இடைவெளி பத்து சதவீதத்துக்கு மேல். பிறகு மருந்தால் ஹார்மோனைக் குறைத்தால் ஹீமோகுளோபின் சில மாதத்தில் இறங்கிவிடும். தசை பலம் மெதுவாகத்தான் குறையும், உயரம் குறையவே குறையாது. அதே சமயம், படையெடுப்பு என்று பயப்படும் அளவுக்கு ஆட்களும் இல்லை. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் லாரல் ஹப்பார்ட் பளுதூக்க வந்தார். மூன்று முயற்சியும் தவறி வெளியேறினார்.

உலக தடகள அமைப்பு 2023 மார்ச்சில், ஆண் பருவத்தைக் கடந்த திருநங்கையருக்குப் பெண்கள் பிரிவை மூடியது. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் இறங்கும் எல்லோருக்கும் வழக்கமாக ஆண்களிடம் காணப்படும் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை கட்டாயம். கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் ஒரு தடவல், அல்லது சொட்டு ரத்தம். ஆயுளுக்கு ஒரு முறை.

சிக்கல் இங்கேதான். திருநங்கைக்கு தான் யாரென்று முன்பே தெரியும். இந்தக் குச்சி எதிர்பாராமல் பிடிக்கப்போவது சாந்தி மாதிரிப் பெண்களைத்தான். 1990இல் அந்த மரபணுவைக் கண்டறிந்த ஆண்ட்ரூ சின்க்ளேரே, இதை மட்டும் வைத்துப் பாலினத்தை முடிவுசெய்வது தவறு என்று எழுதினார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3387 பெண்களைச் சோதித்ததில் 8 பேருக்கு மாறுபட்ட முடிவு வந்தது. எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். 1999இல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சோதனையையே கைவிட்டது. இப்போது தடகளத்தில் அது திரும்பி வந்திருக்கிறது.

எதிர்த்து வென்றவரும் நம் நாட்டில் உண்டு. ஒடிசாவின் டூட்டி சந்த் 2014இல் ஹார்மோன் அளவைக் காட்டி ஒதுக்கப்பட்டதும் விளையாட்டு நடுவர் மன்றம் போனார். 2015இல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட, 2016 ரியோவில் 100 மீட்டர் ஓடினார். அவருக்கு வக்கீல்கள் கிடைத்தார்கள். 2006இல் சாந்திக்காக அப்படி வாதாட யாரும் போகவில்லை.

இடையில் செங்கல் சூளைக்கே கூலிக்குப் போன சாந்திக்கு 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. தோஹா வெள்ளி திரும்பவில்லை. அவர் பழக்கும் பெண் ஒருத்தி நாளைக்குத் தரவரிசைப் போட்டிக்குத் தேறினால், முதலில் அந்தக் குச்சிக்கு வாயைத் திறக்க வேண்டும்.