நிறம் பார்க்கும் கண்கள்



மும்பையில் ஒற்றை அறை வீட்டில் வாழும் தமிழ் விசுவாசக் குடும்பம் அது. மூத்த மகள் செவிலியர். இரவுப் பணி முடித்து மின்ரயிலில் வந்திறங்கி, உறங்காமலே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு முன் நிற்பவள். ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களும் விசுவாசிகளே. ஜெபித்தார்கள், தேநீர் அருந்தினார்கள், புறப்பட்டார்கள். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பதில் வந்தது: "பிள்ளை தங்கமான பிள்ளை. ஜெபித்துப் பார்த்தோம். நிறம்தான் கொஞ்சம் குறைவு."

அன்றிரவு அந்த மகள் தாயிடம் கேட்டாள்: "ஜெபித்துப் பார்த்தோம் என்கிறார்களே அம்மா, கர்த்தருக்கும் என் நிறம் பிடிக்கவில்லையா?"

இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

தீர்க்கதரிசியும் தவறினார்

ஈசாயின் வீட்டில் எலியாபைக் கண்டவுடன், இவனே ராஜா என்று எண்ணியவர் சாமுவேல். எல்லாரிலும் உயரமாயிருந்த சவுலால் வந்த துயரத்தை அறிந்தவரே மறுபடியும் உயரத்தைப் பார்த்தார். கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறவர் என்று அவருக்குக் கற்பிக்கப்பட்டது (1 சாமுவேல் 16:7). தாவீதும் அழகுள்ளவனே (16:12). அழகு பாவமன்று, ஆனால் அவன் தெரிந்துகொள்ளப்பட்டது அதற்காக அல்ல.

எத்தியோப்பியன் தன் தோலை மாற்ற இயலாது என்பதை உவமையாக எடுத்தாண்டவர் எரேமியா (13:23). பிற்காலத்தில் அதே எரேமியா துரவின் சேற்றில் அமிழ்ந்தபோது, அவருக்காக ராஜாவிடம் பரிந்து பேசியவன் எபெத்மெலேக் என்னும் எத்தியோப்பியன். கயிறு அக்குளை அறுக்காதபடி பழந்துணிகளையும் சேர்த்து இறக்கினான் (38:7-13). அந்தப் பழந்துணியில் அவனுடைய இருதயம் தெரிகிறது.

கதவுக்கு வெளியே அமர்ந்தவர்

பெந்தெகொஸ்தே விசுவாசிகளாகிய நாம் மறக்கக்கூடாத ஒருவர் உண்டு. அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினப் பெற்றோருக்கு 1870ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர் வில்லியம் சீமோர். பெரியம்மையால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர். ஹூஸ்டன் நகர வேதபாட வகுப்பில் வெள்ளையரோடு அமர அவருக்கு அனுமதியில்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே இருந்து பாடங்களைக் கேட்டார்.

அவரைக் கொண்டே 1906ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில், பழைய கட்டடம் ஒன்றில் எழுப்புதல் தொடங்கியது. மரப்பெட்டிகளே பிரசங்க பீடம். நிறத்தால் பிரிக்கப்பட்ட தேசத்தில், கறுப்பரும் வெள்ளையரும் அருகருகே முழங்காற்படியிட்டார்கள். அந்த அக்கினி உலகெங்கும் பரவியது. அவரை நிறம் பார்த்து எடைபோட்டவர்கள் எதை இழந்திருப்பார்கள் என்று சிந்தியுங்கள்!

கழற்றியதும் கழற்றாததும்

புறம்பான அலங்காரத்தைவிட இருதயத்தின் சாந்தமே தேவனுக்கு விலையேறப்பெற்றது என்று பேதுரு எழுதினார் (1 பேதுரு 3:3-4). அதற்குக் கீழ்ப்படிந்து நம்மில் அநேகர் காதணியையும் வளையலையும் கழற்றினோம். உறவினரின் ஏளனத்தையும் தாங்கினோம். ஆனால் மணமகள் தேவை என்று எழுதும்போதோ, "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்பதற்குப் பக்கத்திலேயே "சிவந்த நிறமுள்ள" என்றும் சேர்க்கிறோம். பொன்னை விட்டோம், நிறத்தை விடவில்லை.

1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த "ஃபேர் அண்ட் லவ்லி" என்னும் களிம்பு, 2020இல் வெண்மையைக் குறிக்கும் சொல்லைத் தன் பெயரிலிருந்து நீக்கியது. வியாபாரிகளே விட்ட சொல்லைப் பரிசுத்தவான்கள் பற்றிக்கொண்டிருக்கலாமா?

தோலின் நிறம் மெலனின் என்னும் நிறமியால் அமைவது. கடும் வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கத் தேவன் பிடித்த குடை அது. அந்தக் குடையைக் குறை என்று சொல்லலாமா? அதை வெளுக்கச் செய்யப் பாதரசம் கலந்த களிம்புகளைப் பூசுகிறவர்கள் சிறுநீரகத்தையே கெடுத்துக்கொள்ளக்கூடும்.

பெற்றோரே, நகரத்தில் வரன் தேடும்போது ஆராயவேண்டியவை வேறு உண்டு. கோபம் வந்தால் அவர் எப்படிப் பேசுவார்? சம்பளத்தை எவ்விதம் செலவிடுகிறார்? தன் தாயையும், தனக்குக் கீழே வேலை செய்கிறவரையும் எப்படி நடத்துகிறார்? சபையில் மாத்திரமல்ல, அண்டை வீட்டிலும் வேலையிடத்திலும் விசாரியுங்கள். முப்பது ஆண்டு உடன் வாழப்போவது குணமே. ஒரு வரனை மறுக்க நேர்ந்தால் உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். நம்முடைய விருப்பத்தின்மேல் கர்த்தருடைய நாமத்தை வைக்காதிருங்கள்.

அருமை மகளே, உன்னை மறுத்தவர்கள் மனிதர், கர்த்தர் அல்ல. தாயின் கர்ப்பத்தில் உன்னை உருவாக்கியபோதே உன் நிறத்தை அவர் அறிந்திருந்தார் (சங்கீதம் 139). அடுத்த ஞாயிறும் நீ வருவாய் என்று பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அவர்கள் ஓடி வருவது உன் நிறத்தைப் பார்த்து அல்ல, உன் அன்பைக் கண்டு.

கர்த்தர் தாமே நம்முடைய கண்களைத் திறப்பாராக. ஆமென்.