மாவட்டம் சொல்லும் வெட்டுப்புள்ளி

கொழும்பு வெள்ளவத்தை மாணவியும் முல்லைத்தீவு மாணவியும் எழுதுவது ஒரே உயர்தரப் பரீட்சைதான். ஆனால் மருத்துவ பீடத்துக்கு அவர்களுக்கு வேண்டிய குறைந்தபட்ச இசட் புள்ளி, அதாவது தரப்படுத்திய பரீட்சைப் புள்ளி, ஒன்றல்ல.

நம் நாட்டில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகைக்கு ஏற்ப. மிகுதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. இந்த மாவட்டப் பங்கீட்டின் வேர் 1974இல் இருக்கிறது.

இடங்களைப் பங்கிட மற்றவர்கள் மாவட்டத்துக்குப் பதில் வேறு அலகுகளை எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 1997இல் பாடசாலையை எடுத்தது: ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவருக்கு அரச பல்கலைக்கழக அனுமதி. தமிழ்நாடு 2020இல், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது.

நம்முடைய அலகு மாவட்டம். அது கொஞ்சம் பெரிய கண் சல்லடை. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீட்டில், ரியூசனுக்கு வழியில்லாமல் படிக்கும் பிள்ளையும், கறுவாத்தோட்டத்தில் பாடத்துக்கொரு ஆசிரியர் வைத்துப் படிக்கும் பிள்ளையும் கொழும்பு மாவட்டம் என்ற ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். முல்லைத்தீவுக்கு நியாயம் செய்யும் இந்த முறை, கொட்டாஞ்சேனை ஏழைப் பிள்ளையைக் கணக்கில் எடுப்பதில்லை.

உயர்தரம் எழுதும் பிள்ளைகளே, விண்ணப்பிக்கும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் உங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.