கடலைத் தொலைத்த துறைமுகம்

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரலுக்கு அருகே கொற்கை என்றொரு சிற்றூர். சுற்றிலும் வயலும் வாழையும் குளமும்தான். கடலைப் பார்க்கக் கிழக்கே சுமார் 6 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனால், கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேட்டைப் பிரித்தால், இவ்வூர் பாண்டியரின் முத்துக்குளிப்புத் தலம்! தண்டனைக் கைதிகளே அங்கு மூழ்கி முத்தெடுத்தார்களாம். அடுத்த நூற்றாண்டில் புவியியலாளர் தாலமியும் இதை வணிகத் துறையாகக் குறிக்கிறார். அகநானூற்றிலும் கொற்கை முத்து மின்னுகிறது. இத்தனை பேர் பார்த்த கடல் எங்கே போனது?

அடுத்த துப்பு மார்க்கோ போலோவிடம் கிடைக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் பேசும் துறைமுகம் கொற்கை அல்ல, காயல். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்தன. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் காலூன்றியதோ ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில். கொற்கை, காயல் எனக் கருதப்படும் பழையகாயல், புன்னைக்காயல் மூன்றையும் வரைபடத்தில் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடலுக்கு நெருக்கம்.

துறைமுகத்தை நகர்த்தியது தாமிரபரணி. பொதிகையிலிருந்து மண்ணைச் சுமந்து ஓடிவரும் ஆறு, கடலைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. சுமை அடியில் படிகிறது. இப்படி ஆறே கட்டிய நிலத்துக்குப் பெயர் கழிமுகச் சமவெளி. கொற்கைக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தொலைவை 1,900 ஆண்டுகளுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்குச் சராசரி 3 மீட்டர், அதாவது நாம் எடுத்துவைக்கும் நாலே எட்டு. ஆற்றின் முகத்துவாரம் தூர்ந்தது, கப்பல் நுழைய முடியவில்லை, வணிகர்கள் ஆழம் தேடிக் கிழக்கே போனார்கள்.

இதை மண்ணிலேயே சோதித்தவர் இடையன்குடியில் வாழ்ந்த பாதிரியார் கால்டுவெல். 1870களில் அவர் கொற்கையில் தோண்டியபோது வண்டலுக்குக் கீழே கடற்சிப்பிகள் கிடந்தன. பழையகாயல் பகுதியில் சீன, அரேபியப் பாண்ட ஓடுகள் சிதறிக் கிடந்தன. மார்க்கோ போலோவின் காயல் இதுதான் என்று அவர் முடிவுகட்டினார்.

இத்தகைய செய்திகளெல்லாம் ஒன்றுசேரும் இடம் கெசட்டியர், அதாவது ஊர்களையும் ஆறுகளையும் வரலாற்றையும் அரசு திரட்டித் தரும் விவரச்சுவடி. பேட் என்ற அதிகாரி எழுதி 1917இல் வெளியான திருநெல்வேலி மாவட்டச் சுவடி அப்படிப்பட்டது. பயணி தன் கண்ணில் பட்டதை எழுதிவிட்டுப் போய்விடுவார். சுவடியோ எல்லா ஊரையும் ஒரே ஒழுங்கில் பதியும். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் தேடலுக்கு வேலை தொடங்குகிறது.

அந்தத் தேடல் தொடர்ந்தது. 1968-69இல் கொற்கையில் நடந்த அகழாய்வில் கரித்துண்டு ஒன்று கிடைத்தது. கரிமம் 14 என்ற அணுவகை, உயிர் போன பொருளில் தெரிந்த வேகத்தில் குறையும். மீதியை அளந்தால் வயது தெரியும். அக்கரியின் காலம் சுமார் கி.மு. 8ஆம் நூற்றாண்டு என்று வந்தது. எங்கே தோண்டலாம் என்று வழிகாட்டிய நூல்களில் ஒன்றான பெரிப்ளூஸுக்கும் எண்ணூறு ஆண்டு முந்தையது, அடுப்புக்கரி அளவேயான அந்தச் சான்று.