நேரமும் நீதியும்: அமெரிக்க அனுமதிப் பரீட்சைகளிற் கவனக்குறைபாடுடையோர்

உயர்கல்விக்குரிய இடங்கள் குறைவாகவும் அவற்றை நாடுவோர் தொகை மிகுதியாகவும் உள்ள சமூகங்களிற் பரீட்சையே வாயிற்காவலனாக அமைகின்றது. யாவரையும் ஒரே அளவுகோலால் அளப்பதே அதன் நியாயத்துக்குச் சொல்லப்படும் அடிப்படை. ஆயின் அவ்வளவுகோல் உண்மையில் எதனை அளக்கின்றது? ஐக்கிய அமெரிக்காவிலே, கவனக்குறை மிகையியக்கக் குறைபாடு உடைய மாணவர்க்கு நியமப் பரீட்சைகளில் வழங்கப்படும் விசேட ஒழுங்குகள் பற்றிய விவாதம் இவ்வினாவையே மையமாகக் கொண்டது. நியமப் பரீட்சை என இங்கு சுட்டப்படுவது, அனைவருக்கும் ஒரே நேர அளவிலும் ஒரே நிபந்தனைகளிலும் நடத்தப்படும் பரீட்சையாகும். 1970களில் இலங்கையிற் பல்கலைக்கழக அனுமதியின்பொருட்டுப் புள்ளிகளை மாற்றியமைத்த தரப்படுத்தலோடு இதனை மயங்குதல் கூடாது.

முதலிற் குறைபாட்டின் இயல்பை நோக்குவோம். 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவச் சங்க நோய் வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பு இதனைக் கவனக்குறைபாடு எனப் பெயரிட்டது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மிகையியக்கமும் பெயரிற் சேர்க்கப்பட்டது. அறிகுறிகள் 7 வயதுக்கு முன் தோன்றியிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை, 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பில் 12 வயது எனத் தளர்த்தப்பட்டது. இக்குறைபாடு அறிவுக்குறைவு அன்று. கவனத்தை வேண்டியவிடத்து நிறுத்துதல், காலத்தைக் கணித்தல், உந்துதலை அடக்குதல் ஆகியவற்றிலேயே இடர்ப்பாடு தோன்றுகின்றது. பரீட்சை மண்டபத்தில் ஒரே பந்தியை மூன்று முறை வாசிக்க நேர்தலும், அயலவரின் சிறு ஒலியாற் சிந்தனை அறுபடுதலும் இதன் விளைவுகளாம்.

சட்டக் கல்லூரிகளுக்குரிய எல்சற் பரீட்சையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2024 ஓகஸ்ட் முதல் இது தலா 35 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக நடைபெறுகின்றது. ஒருவருக்கு அரைப்பங்கு மேலதிக நேரம் வழங்கப்படின் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 53 நிமிடங்களாகவும், இரட்டை நேரம் வழங்கப்படின் 70 நிமிடங்களாகவும் அமையும். கடிகாரத்தை நிறுத்தி இடையிடையே ஓய்வு பெறுதல், தனி அறை, கடதாசி வினாத்தாள் என்பனவும் வழங்கப்படுவதுண்டு. ஆயினும் வினாக்களோ புள்ளியிடும் முறையோ மாறுவதில்லை.

இவ்வொழுங்குகள் எவருடைய கருணையாலும் கிடைத்தவையல்ல. போராடிப் பெற்ற உரிமைகளாகும். கூட்டரசின் நிதியுதவி பெறும் நிறுவனங்கள் ஊனமுற்றோரை ஒதுக்குவதை 1973ஆம் ஆண்டுப் புனர்வாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு தடைசெய்தது. 1990ஆம் ஆண்டின் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டம் இத்தடையைத் தனியார் பரீட்சை நிறுவனங்களுக்கும் விரித்தது. பரீட்சை முடிவு ஒருவரின் குறைபாட்டையன்றி அவரது திறமையையே காட்டுதல் வேண்டும் என்பது அதன் கீழான விதிகளின் சாரம். 1999இலும் 2002இலும் உயர் நீதிமன்றம் ஊனம் என்பதன் வரையறையைக் குறுக்கியது. அதனை மீள விரிக்கும் நோக்குடன் 2008இல் திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. மருந்தினாற் பெறும் நன்மையைக் காட்டி ஒருவருக்கு ஊனமில்லை எனத் தீர்மானிக்கவியலாது என அது விதித்தது.

சட்டம் இருந்தும் நடைமுறை பின்தங்கியது. மேலதிக நேரம் பெற்றோரின் புள்ளிகளுக்கு அருகே தனிக்குறியிடும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அக்குறி, விண்ணப்பதாரரின் அந்தரங்கத்தை வெளியிட்டதோடு அவர் பெற்ற புள்ளியையும் ஐயத்துக்குள்ளாக்கியது. 1999இல் தொடரப்பட்ட வழக்கொன்றின் பயனாகச் சில பரீட்சைகளில் இவ்வழக்கம் கைவிடப்பட்டது. 2003இல் சற் பரீட்சையிலும் ஒழிந்தது. எல்சற் பரீட்சையிலோ அது 2014 வரை நீடித்தது. அவ்வாண்டில், கலிபோர்னிய மாநில நிறுவனமொன்று தொடர்ந்ததும் கூட்டரசு நீதித் திணைக்களம் இணைந்ததுமான வழக்கு, நீதிமன்ற இணக்கக் கட்டளையோடு முடிவுற்றது. குறியிடுதல் நிறுத்தப்பட்டது, 6,000க்கு மேற்பட்டோருக்கு நட்டஈடாக 77 இலட்சத்து 30 ஆயிரம் டொலர் ஒதுக்கப்பட்டது. கட்டளை சரிவரப் பின்பற்றப்படவில்லையெனக் கண்ட நீதிமன்றம் 2018இல் அதனை மேலும் ஈராண்டுகளுக்கு நீடித்தது.

எனினும் உரிமை ஏட்டில் இருத்தல் வேறு, அது அனைவர் கைக்கும் எட்டுதல் வேறு. குறைபாட்டை நிறுவும் முழுமையான உளவியற் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவாகலாம். ஆகவே வறிய குடும்பத்துப் பிள்ளை சோம்பேறி எனப் பெயரெடுக்க, அதே இயல்புடைய செல்வர் வீட்டுப் பிள்ளை சான்றிதழ் பெறுகின்றது. 2019இல் அம்பலமான கல்லூரி அனுமதி மோசடியிற் செல்வந்தப் பெற்றோர் சிலர், தம் பிள்ளைகளுக்கு மேலதிக நேரம் பெற இத்தகைய சான்றிதழ்களையும் கருவியாக்கினர். அதனைக் காட்டி உண்மையான குறைபாடுடையோரை ஐயுறுவது, கள்ளன் ஒருவனுக்காக ஊரையே தண்டிப்பதாகும். சான்றுக்கான செலவைப் பொதுக்கல்வி அமைப்பு ஏற்பதே பரிகாரம்.

மேலதிக நேரம் குறைபாடற்றோரின் புள்ளிகளையும் ஓரளவு உயர்த்துகின்றது என ஆய்வுகள் காட்டியுள்ளன. இது சலுகையை எதிர்ப்போர் எடுத்தாளும் வாதமாகும். ஆனால் அதனை ஆழ்ந்து நோக்கின் வேறொரு முடிவே பெறப்படும். நேரம் கூடியதும் பலரின் பெறுபேறு உயருமாயின், அப்பரீட்சை அறிவோடு வேகத்தையும் அளந்துகொண்டிருந்தது என்பதே பொருள். சட்டம் பயில்வதற்கு அத்தகைய வேகம் இன்றியமையாததெனின், அதனை நிறுவும் பொறுப்பு பரீட்சை நடத்துவோருடையது. இன்றியமையாததன்று எனின், நேர நெருக்கடியைத் தளர்த்துவதே முறை. விரைந்து விடையளிப்போர் அனைவரும் ஆழமாகச் சிந்திப்பவரல்லர். மெல்ல விடையளிப்போர் அனைவரும் அறியாதவருமல்லர். இவ்வேறுபாட்டைக் காணவியலாத அளவுகோல், யாவருக்கும் ஒன்றாய் இருப்பதனால் மட்டும் நீதியுடையதாகிவிடாது.